ஒன்பதும் எண்பதும்

மொழி வாயில் பிறந்து செவியில் நிறைவு பெறுகிறது. எழுத்தொலிகள் பிறக்கும் முறையை எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலில் தொல்காப்பியர் வகுத்துரைக்கிறார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளோடு பொருந்தி, வெவ்வேறு எழுத்துகளாகப் பிறக்கும் என்பது அவ்வியலின் சாரம். ஆண்டுதோறும் நாம் இதனை வகுப்பறையில் கற்பித்து வருகிறோம். ஆயினும், பிறந்த ஒலி கேட்போர் செவியை அடைவதற்குள் அதற்கு என்னென்ன நேரக்கூடும் என்பதை நமக்குக் கற்பித்தது வகுப்பறையன்று. தியாகராய நகரில் நம் வாப்பா நடத்திவந்த கடையின் தொலைபேசியே ஆகும். அந்தப் பாடத்தோடு நம்மைப் பற்றிய ஒரு பாடமும் சேர்ந்தே கிடைத்தது. இரண்டையும் மாணவர்க்கும் பெரியோர்க்கும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அது 2004ஆம் ஆண்டு. நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்தோம். 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பு வகித்த சர் முகமது உஸ்மான் அவர்களின் பெயரைத் தாங்கிய உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாப்பாவின் தையற்பொருள் கடை இருந்தது. நூற்கண்டு, பட்டன், ஜிப், லேஸ், லைனிங் துணி ஆகியவையே வாணிகம். மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அடையாற்றிலும் இருந்த தையற்கடைக்காரர்கள் தொலைபேசியில் கணக்குச் சொல்வார்கள். மாலைக்குள் சரக்கு அவர்கள் கடைக்குப் போய்ச் சேரும். பாதி வாணிகம் கண்ணால் பார்த்து நடந்தது. மீதிப் பாதி காதால் கேட்டு நடந்தது.

சென்னைக்குத் தொலைபேசி இணைப்பகம் வந்த நாள் 1882 ஜனவரி 28. கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கும் அன்றே வந்தது. நூறாண்டுகளுக்குப் பிறகு அத்தகைய இணைப்பகம் ஒரு பெட்டிக்குள் சுருங்கி, சிறு கடைகளின் சுவரில் ஏறிக்கொண்டது. 1984இல் நடுவணரசு நிறுவிய சி-டாட் அமைப்பு உள்நாட்டிலேயே மின்னணு இணைப்பகங்களை வடிவமைக்கத் தொடங்கியது. தொடர்ந்த ஆண்டுகளில் இ.பி.ஏ.பி.எக்ஸ். எனப்படும் சிறு பெட்டிகள் பரவலாயின. நம் கடையில் இருந்ததை 'முந்நூற்றெட்டு' என்பார்கள். வெளியிலிருந்து வரும் லைன் மூன்று, உள்ளே பிரியும் எக்ஸ்டென்ஷன் எட்டு என்பது அதன் பொருள். விற்பனை மேசை, கிடங்கு, கணக்கறை என ஒவ்வோரிடத்திலும் ஒரு தொலைபேசி இருந்தது. மாடியில் வாப்பா பகலில் சற்றுச் சாயும் அறைக்கு மட்டும் தனி எக்ஸ்டென்ஷன் இல்லை. விற்பனை மேசைத் தொலைபேசியின் கம்பியிலிருந்தே ஒரு கிளையைப் பிரித்து, 'பேரலல்' ஆக மேலே கொண்டுபோய்விட்டார்கள். சிக்கனம் கருதிச் செய்த ஏற்பாடு அது.

விற்பனை மேசைத் தொலைபேசியைக் கவனித்து வந்தவர் வாப்பாவின் தூரத்து உறவினர் மகன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுத் தம்பி. இயல்பிலேயே மெல்லிய குரல். அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே வாடிக்கையாளர்கள் குறைகூறத் தொடங்கினார்கள். "உங்கள் கடைப் பையன் கிணற்றுக்குள் இருந்து பேசுகிறானா?" என்று கேட்டவர்கள் உண்டு. கணக்கிலும் பிழைகள் நேர்ந்தன. கருப்பு நூல் கேட்டவருக்குக் காப்பி நிற நூல் போயிற்று. "பிழையன்று, வேறு கடைக்குக் கமிஷன் பேசிக்கொண்டு வேண்டுமென்றே செய்கிறான்" என்று கடைக்குள் ஒரு பேச்சு எழுந்தது. வாப்பா அதனை நம்பவில்லை. நாம் பாதி நம்பினோம்.

மாலை ஐந்து மணிக்குக் கல்லூரியிலிருந்து வந்து, மாடியறையில் அமர்ந்து கணக்கெழுதுவது நம் வழக்கம். கீழே மணி அடித்துப் பேச்சுத் தொடங்கியதும் மாடி ரிசீவரை ஓசைப்படாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அப்போது வந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. நாமாகவே செய்தோம். கடையின் நலன் காக்கிறோம் என்று அதற்கு ஒரு பெயரும் இட்டுக்கொண்டோம்.

மே மாதத்து மாலை ஒன்றில் அடையாற்றிலிருந்து ஓர் அம்மையார் அழைத்தார். பள்ளிச் சீருடை தைக்கும் பருவம். வெள்ளைப் பட்டன் எண்பது டஜன் வேண்டும் என்றார். தம்பி, "ஒன்பது டஜன்தானே அம்மா?" என்று திருப்பிக் கேட்டார். மறுமுனையிலிருந்து "ஆமாம்" என்ற விடை வந்தது. மேலே ரிசீவரை வைத்திருந்த நம் செவியிலும் விழுந்தது 'ஒன்பது' என்பதே. ஒன்பது டஜன் போயிற்று. எழுபத்தொரு டஜன் குறைந்ததால் சீருடைகள் பட்டன் இன்றி நின்றன. அந்த அம்மையார் மறுநாள் வாப்பாவிடம் பொரிந்து தள்ளினார். இனி உங்கள் கடையே வேண்டாம் என்றார்.

வாப்பா தம்பியை அழைத்துக் கேட்டார்கள். "ஒன்பது என்றுதான் மாமா கேட்டது, திருப்பியும் கேட்டேன்" என்றார் அவர். சரக்கு அளந்த பணியாளர்கள் தலையை அசைத்துச் சிரித்தார்கள். மாத முடிவில் ஊருக்குத் திரும்பிவிடும்படி வாப்பா சொல்லிவிட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர் அவ்வீட்டில் ஒருவரே இருந்தார். அவரும் வாய் திறக்கவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வி வரும் என்ற அச்சமே காரணம். அவ்வொருவர் நாமே.

இதற்கிடையில் மயிலாப்பூர் வாடிக்கையாளர் ஒருவர், "பையனைச் சொல்வதற்கு முன் ஃபோனைப் பாருங்கள் பாய்" என்று சொல்லி, அரசுத் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை அனுப்பிவைத்தார். அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, கடை திறப்பதற்கு முன்னிருந்த ஒரு மணி நேர அமைதியில் வந்தார். கருவி எதனையும் தொடாமல் முதலில் நான்கு கேள்விகள் கேட்டார். நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லையா, அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லையா? எல்லாத் தொலைபேசியிலுமா, ஒன்றில் மட்டுமா? மூன்று லைனிலுமா, ஒன்றிலா? நாள் முழுதுமா, சில வேளைகளிலா? நான்கிற்கும் நம் வீட்டில் எவரிடமும் தெளிவான விடையில்லை. 'சத்தம் இல்லை' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவந்திருக்கிறோம். போகும் குரலுக்கு ஒரு வழி, வரும் குரலுக்கு ஒரு வழி. இரண்டும் தனித்தனியே பழுதுபடும் என்பதைக்கூட நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பின்னர் அவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்துக்கொண்டு போனார். முதலில் கருவியின் வால்யூம் பொத்தானைப் பார்த்தார். அது சரியாக இருந்தது. வெளி லைனைப் பெட்டியிலிருந்து கழற்றி, தம்முடைய சிறு தொலைபேசியில் நேரே செருகிப் பேசினார். குரல் தெளிவாக இருந்தது. எனவே குறை வெளியே இல்லை, கடைக்குள்ளே என்றார். கணக்கறைத் தொலைபேசியை விற்பனை மேசைக்குக் கொண்டுவந்து மாட்டினார். இப்போது தம்பியின் குரல் மறுமுனையில் நன்றாகக் கேட்டது. ஆகவே போகும் குரலின் குறை கம்பியில் இல்லை, பழைய கருவியில்தான் என்றார். அதன் ரிசீவரைத் திருகிப் பிரித்துக் காட்டினார். மைக்கின் சிறு துளைகளை மெல்லிய பஞ்சுப் பிசிறு மெத்தைபோல் அடைத்திருந்தது. லைனிங் துணியை நாள்தோறும் கிழிக்கும் கடையில் பறந்த பிசிறு அது. மெல்லிய தூரிகையால் துடைத்தார். ஐந்து மாதமாகத் தம்பி 'கிணற்றுக்குள்' இருந்து பேசிய காரணம் விளங்கிற்று.

மாடிப்படி ஓரத்தில் முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு ஒன்றையும் பிரித்தார். கடற்காற்று படும் ஊரில் செம்புக்கம்பி பச்சை பூக்க நாளாகாது. அதனைச் சுரண்டிப் புதிதாக இணைத்தார். "பெட்டிக்குள்ளேயே ஒலியைக் கூட்டி வைத்துவிட்டால் என்ன?" என்று வாப்பா கேட்டார்கள். "கூட்டலாம் பாய். ஆனால் ஒரே ஜோடிக் கம்பியில்தான் போகிற குரலும் வருகிற குரலும் ஓடுகின்றன. அளவு மீறிக் கூட்டினால் நம் குரலே எதிரொலியாகத் திரும்பும். குறையைக் கண்டுபிடிக்காமல் சத்தத்தைக் கூட்டினால் குறைக்கும் சேர்த்துத்தான் சத்தம் கூடும்" என்றார் அவர்.

எல்லாம் முடிந்தும் அவர் கூலி வாங்கவில்லை. "அமைதியில் பார்த்தது பாதிப் பரிசோதனைதான். திங்கட்கிழமை மாலை கூட்ட நேரத்தில் வருகிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். அதில் ஓர் உண்மை உண்டு. சுற்றிலும் இரைச்சல் மிகும்போது மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவர் என்பதை எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விளக்கிக் காட்டினார். மாலையில் தம்பி கத்துகிறார் என்பதும், காலையில் முணுமுணுக்கிறார் என்பதும் ஒரே மனிதரைப் பற்றி வந்த முறையீடுகளே.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் வந்தது நமக்குத் தெரியாது. விற்பனை மேசையில் தாமே அமர்ந்து, மயிலாப்பூரிலிருந்த தம் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். கீழே பேச்சுத் தொடங்கியதை அறிந்த நாம், வழக்கம்போல் மாடி ரிசீவரை எடுத்தோம். சிறிது நேரத்தில் படியேறி வந்த அவர், ரிசீவரும் கையுமாக நின்ற நம்மைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், "தம்பி, ஒரு லைனில் வருவதை இரண்டு ரிசீவர் பங்கு போட்டுக்கொள்ளும். நீங்கள் எடுத்ததும் கீழே சத்தம் இறங்கிவிட்டது. எத்தனை நாளாக எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நம்மால் விடை கூற இயலவில்லை. "ஒயரில் கோளாறு என்றே நான் பாயிடம் சொல்லிவிடுகிறேன். மற்றதை நீங்கள் சொல்லுங்கள்" என்று கூறி இறங்கிவிட்டார்.

நடந்தது இதுதான். ஒரு லைனில் இரண்டாவது கருவி பேரலல் ஆகச் சேர்ந்தால் ஒலியளவு ஏறத்தாழ மூன்று, நான்கு டெசிபெல் குறையும். மூன்று டெசிபெல் குறைந்தாலே ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும். டெசிபெல் என்னும் அளவைப்பெயரில் ஒளிந்திருப்பவர் தொலைபேசிக்கு 1876இல் காப்புரிமை பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல். அவர் காதுகேளாதோர்க்குக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாயாரும் செவித்திறன் குன்றியவர், மனைவியும் காதுகேளாதவர். கேளாத செவிகளின்மீது கொண்ட அக்கறையோடு வாழ்ந்தவரின் பெயரால் அமைந்த அளவையைக் கொண்டு, ஒட்டுக்கேட்ட செவி விளைத்த இழப்பை அளக்க நேர்ந்தது. அதுமட்டுமன்று, மேலே எடுத்த ரிசீவரின் மைக் வழியே மாடியறை மின்விசிறியின் இரைச்சலும் உரையாடலுக்குள் புகுந்திருந்தது.

இனி, எண்பது ஏன் ஒன்பதாயிற்று என்பதைப் பார்ப்போம். பேச்சில் எண்பது 'எம்பது' ஆகிறது; ஒன்பது 'ஒம்பது' ஆகிறது. இரண்டையும் வேறுபடுத்துவது முதலிலுள்ள உயிரெழுத்து ஒன்றே. எகரம் பிறக்கும்போது நாவின் விளிம்பு மேற்பல்லின் அடியைப் பொருந்தும் என்றும், ஒகரம் பிறக்கும்போது இதழ் குவியும் என்றும் தொல்காப்பியர் பிரித்துக் காட்டுகிறார். எதிரில் நிற்பவர்க்கு இதழ் குவிவது கண்ணுக்கே தெரியும். தொலைபேசிக்கு இதழ் இல்லை. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டுமே உண்டு. எகரத்தை எகரமாகக் காட்டும் ஒலிக்கூறு அதில் 2000 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. ஒகரத்திற்கு உரியதோ 1000 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்குக் கீழோ அமைகிறது. மேலே உள்ள கூறு இயல்பிலேயே வலிமை குறைந்தது. ஒலியளவு தாழ்ந்து இரைச்சல் மிகும்போது முதலில் மூழ்குவது அதுவே. அது மூழ்கினால் எகரம் ஒகரமாகத் தோன்றும். தம்பி 'ஒம்பதுதானே' என்று திருப்பிக் கேட்டபோது, பஞ்சு அடைத்த மைக் வழியே போன அச்சொல் அந்த அம்மையாருக்குத் தாம் சொன்ன 'எம்பது' ஆகவே கேட்டிருக்கிறது. அவர் 'ஆமாம்' என்றதும் பொய்யன்று.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பன்னிரண்டு நாள் மௌனமாக இருந்ததையும் சொன்னோம். வாப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் தப்பாகக் கேட்டிருக்கிறது. அவனுக்கு மட்டும் தண்டனையா?" என்றார்கள். பிறர் குறைகளைத் துருவி ஆராய வேண்டா என்று திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் சிறு வயது முதல் ஓதி வந்திருக்கிறோம். துருவுதல் பாவம் என்று அறிந்திருந்தோம். அது தான் தேடும் குறையைத் தானே உண்டாக்கவும் வல்லது என்பதை அறிந்திருக்கவில்லை. ஐயம் ரிசீவரை எடுக்கச் செய்தது; எடுத்த ரிசீவர் ஒலியைத் தாழ்த்தியது; தாழ்ந்த ஒலி பிழையைத் தந்தது; பிழை ஐயத்தை வளர்த்தது.

மறுநாள் காலை, பணியாளர் அனைவரும் இருக்கும்போது வாப்பா தம்பியின் மேசைக்குச் சென்று, "தவறு எங்களுடையது. மனத்தில் வைத்துக்கொள்ளாதே" என்றார்கள். நாம் தனியே அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்ன சொல் இன்றும் நம் காதில் இருக்கிறது. "நீங்கள் மேலே எடுக்கும்போது 'டிக்' என்று ஓசை கேட்கும் காக்கா. எனக்கு முதல் நாளே தெரியும். சொன்னால் உங்களுக்குச் சங்கடம் என்று விட்டுவிட்டேன்." நம் மானத்தைக் காக்க அவர் வாய் திறக்கவில்லை, நம் மானத்தைக் காக்க நாமும் வாய் திறக்கவில்லை. இரண்டு மௌனங்களும் ஒன்றல்ல.

அன்று மாலையே நாமும் அவரும் அடையாற்றுக்குப் போனோம். பட்டனை வேறிடத்தில் வாங்கிச் சீருடைகளைத் தைத்து முடித்திருந்தார் அந்த அம்மையார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நானும் இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார். மீண்டும் வாடிக்கையாளர் ஆவதாக அவர் சொல்லவில்லை. ஆனால் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

மாடித் தொலைபேசியின் கிளைக்கம்பி அந்த வாரமே வெட்டப்பட்டது. வாப்பாவுக்குத் தனி எக்ஸ்டென்ஷன் தரப்பட்டது. ரிசீவர்களைத் திங்கள்தோறும் துடைப்பது கடை வழக்கமாயிற்று. பெரியவர் இன்னொரு வழக்கத்தையும் கற்பித்துச் சென்றார். கேட்ட எண்ணை அதே சொல்லால் திருப்பிச் சொல்லக் கூடாது. வேறு சொல்லால் சொல்ல வேண்டும். 'எண்பதா?' என்று கேட்டால் பழைய மயக்கமே திரும்பும். 'எட்டு, சைபர்' என்றால் மயங்க இடமில்லை.

அந்தப் பெட்டிகளின் காலம் பெரிதும் கடந்துவிட்டது. இன்று சிறு கடைகளும் கைப்பேசியில் வாணிகம் செய்கின்றன. பெரிய கடைகளின் உள்தொலைபேசிகள் இணையக் கம்பியில் பேசுகின்றன. ஆயினும் முறை மாறவில்லை. குறை எந்தத் திசையில் என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். பேசுமிடத்தின் இரைச்சலோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். கைப்பேசியின் மைக் துளையிலும் தூசி அடையும். ஒலியைக் கூட்டுவது கடைசி வேலை. இவ்வளவும் பார்த்த பின்னரே பேசுபவரைக் குறைகூற வேண்டும்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, காதில் விழாத குரலில் விடை சொல்லும்போது, 'உரக்கச் சொல்' என்று சொல்ல நம் நா முந்துகிறது. அப்போதெல்லாம் அந்த மாடியறை நினைவுக்கு வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு வரிசை முன்னே நடந்து சென்று கேட்கிறோம். பெரும்பாலும் விடை சரியாகவே இருக்கும்.

வாப்பா வஃபாத்தாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தம்பி இப்போது மயிலாப்பூரில் சொந்தமாகத் தையற்பொருள் கடை வைத்திருக்கிறார். சென்ற மாதம் அங்குப் போயிருந்தபோது, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் புன்னகைத்து, பேச்சை நிறுத்தாமலே, "எட்டு, சைபர்தானே அம்மா?" என்றார்.